72 மணி நேரம் பட்டினி கிடந்தால் சொரியாசிஸ் படை உதிருமா?

கேள்வி: எனக்கு வயது 41. ஒன்பது வருடமாக முழங்கை, முழங்கால், இடுப்பின் பின்பக்கம் எல்லாம் சொரியாசிஸ் படை. ஞாயிறுதோறும் மெத்தோட்ரெக்சேட் 10 மி.கி. சாப்பிடுகிறேன், கால்சிபோட்ரியால் களிம்பு தடவுகிறேன். முழுதாக அடங்கவில்லை. உயரம் 168 செ.மீ., எடை 86 கிலோ. தோல் செல்கள் ‘ஆட்டோஃபேஜி’ செய்யாமல் போவதால்தான் இந்த நோய் வருகிறது என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். 72 மணி நேரம் தண்ணீர் மட்டும் குடித்தால் செல்கள் தம் குப்பையைத் தாமே தின்று படை உதிர்ந்துவிடுமாம். நோபல் பரிசு வாங்கிய கண்டுபிடிப்பு, மருந்து, களிம்பு எதுவும் தேவையில்லை என்கிறார்கள். உண்மையா? இன்னொரு சந்தேகம்: விரல் மூட்டு வலிக்கு மூன்று மாதமாக ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையும் சாப்பிடுகிறேன். அதற்குப் பிறகு படை கூடியதுபோல் தெரிகிறது. ஏகாதசி விரதமும் இருந்து வருகிறேன். அதைத் தொடரலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும் ஒருவர் மூன்று நாள் வெறும் தண்ணீரில் இருக்கக் கூடாது. அந்த மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. சாப்பாடும் உப்பும் நின்று உடல் வறண்டால் சிறுநீரகத்தின் வேலை தளரும், மருந்து ரத்தத்தில் தேங்கும். தலைவலி தாங்காமல் இடையில் ஒரு வலி மாத்திரையும் போட்டுக்கொண்டால் தேக்கம் இன்னும் கூடும். வாய்ப்புண், காய்ச்சல், ரத்த அணுக்கள் குறைவது என்று அது எங்கே கொண்டுபோய் விடும் என்பது தோல் மருத்துவம் பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். இதுவரை நீங்கள் தொடங்கியிருக்காவிட்டால் தொடங்க வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருவோம். வீடியோவில் சொன்னது முழுப் பொய் இல்லை. பாதி உண்மை என்பதால்தான் அது ஆபத்தாகிறது.

ஆட்டோஃபேஜி என்பது செல் தனக்குள் பழுதான புரதங்களையும் உறுப்புகளையும் பொட்டலம் கட்டிச் செரித்து, கிடைக்கும் அமினோ அமிலங்களை மறுபடி பயன்படுத்திக்கொள்ளும் வேலை. இந்தப் பெயரை 1963-இல் வைத்தவர் பெல்ஜிய விஞ்ஞானி கிறிஸ்டியன் டி டூவ். இதற்கான மரபணுக்களை ஈஸ்ட்டில் கண்டுபிடித்ததற்காக ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. அவர் பட்டினி போட்டது ஈஸ்ட் செல்களை. அந்தப் பரிசுக்கும் சொரியாசிஸுக்கும் நேரடித் தொடர்பு ஒன்றும் இல்லை.

வேலை நடக்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால் உங்கள் தோலில் எது எங்கே தடைப்படுகிறது என்பது புரியும். முதலில் பிறை வடிவில் ஒரு சவ்வு உருவாகும். கழிவின்மேல் பி62 என்ற புரதம் அடையாளம்போல ஒட்டிக்கொள்ளும். சவ்வில் இருக்கும் எல்சி3 என்ற புரதம் அந்த அடையாளத்தைப் பிடித்து இழுக்கும். சவ்வு வளைந்து மூடி இரட்டைச் சுவர் கொண்ட பையாகும். அந்தப் பை லைசோசோம் என்னும் அமிலப் பையோடு இணையும். அங்கே இருக்கும் கதெப்சின் போன்ற நொதிகள் உள்ளே இருப்பதையெல்லாம் கரைத்துவிடும், பி62 உட்பட. ஆகவே ஒரு செல்லில் பி62 குவிந்து கிடந்தால் கடைசிக் கட்டம் நடக்கவில்லை என்று பொருள். குப்பை வண்டி தெருவெல்லாம் சுற்றி நிரம்பிவிட்டது, கிடங்கின் கதவு மட்டும் திறக்கவில்லை என்கிற நிலைமை.

சொரியாசிஸ் படையில் பார்ப்பது ஏறக்குறைய இதைத்தான். படை உள்ள தோலில் பி62 கூடுதலாக இருப்பது 2011 முதல் ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. அது சும்மா தேங்கியும் கிடப்பதில்லை. என்எஃப்-கேபி என்ற அழற்சிப் பாதையைத் தூண்டிவிட்டு, தோல் செல்லே அழற்சிச் சமிக்ஞைகளை உமிழும்படி செய்கிறது. அந்தச் சமிக்ஞைகள் வெள்ளணுக்களை வரவழைக்கின்றன. வந்த வெள்ளணுக்கள் டிஎன்எஃப், ஐஎல்-17 ஆகிய அழற்சிப் புரதங்களைக் கொட்டுகின்றன. ஐஎல்-17 தோல் செல்லில் எம்டார் என்ற வளர்ச்சி விசையை முடுக்கி ஆட்டோஃபேஜியை அடக்குகிறது. டிஎன்எஃப் லைசோசோமின் கதெப்சின் நொதிகளைக் குறைக்கிறது. பி62 மேலும் குவிகிறது. செக்குமாடுபோல இது சுற்றிக்கொண்டே இருக்கும்.

எம்டார் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், உங்கள் கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது. நல்ல தோலில் அது மேல்தோலின் அடி வரிசையில், செல்கள் பெருகும் இடத்தில் மட்டும் விழித்திருக்கும். செல் மேலே நகரத் தொடங்கியதும் அடங்கிவிடும். செல் பெருகுவதை நிறுத்தி, உட்கரு உட்படத் தன் உள்ளுறுப்புகளைக் கழித்து, தட்டையான கொம்புச் செதிலாக மாறும். இந்தப் பயணத்துக்குச் சுமார் 28 நாள். படையில் எம்டார் மேல் வரிசைகளிலும் அடங்காமல் ஓடுகிறது. பயணம் 3 முதல் 5 நாளில் முடிந்துவிடுகிறது. உட்கருவைக் கழிக்கக்கூட நேரம் இல்லாமல் செல்கள் மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன. படையிலிருந்து எடுத்த துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தால், மேல் செதில்களில் இருக்கக் கூடாத உட்கருக்கள் கரும்புள்ளிகளாகத் தெரியும். கையால் தேய்த்தால் உதிரும் அந்த வெள்ளிச் செதில்கள் இவைதான்.

பட்டினி எப்படி வேலை செய்கிறது? ரத்தத்தில் இன்சுலினும் அமினோ அமிலங்களும் குறைந்தால் எம்டார் அடங்கும், ஆட்டோஃபேஜி கூடும். ஆனால் உங்கள் படையில் எம்டாரை முடுக்கிவிடுவது சாப்பாடு மட்டும் அல்ல, ஐஎல்-17 போன்ற அழற்சிச் சமிக்ஞைகளும்தான். இட்லியை நிறுத்தினால் அவை நிற்காது. தவிர, அடைப்பு லைசோசோமில் இருக்கும்போது பைகளை அதிகமாகக் கட்டச் சொல்லி என்ன பயன்? ‘இத்தனை மணி நேரத்தில் ஆட்டோஃபேஜி தொடங்கும்’ என்று வீடியோக்களில் காட்டும் அட்டவணைகளும் பெரும்பாலும் எலிகளின் கணக்கிலிருந்து வந்தவை. எலி ஒரே நாள் பட்டினியில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். 86 கிலோ மனிதருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. உங்கள் தோலில் ஆட்டோஃபேஜி கூடியதா என்று பார்க்க எந்த லேபிலும் ரத்தப் பரிசோதனை கிடையாது. அப்படி ஒன்றை யாராவது விற்றால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோஃபேஜி கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்பதே அவ்வளவு உறுதியான விஷயமும் அல்ல. 2021-இல் வெளியான ஓர் எலி ஆய்வில், தோல் செல்களில் மட்டும் ஆட்டோஃபேஜிக்குத் தேவையான ஏடிஜி5 மரபணுவை நீக்கியபோது சொரியாசிஸ் போன்ற அழற்சி குறைந்தது. எச்எம்ஜிபி1 என்ற அழற்சிப் புரதத்தைச் செல்லுக்கு வெளியே கடத்துவதற்கும் அதே பைகள் பயன்படுவதுதான் காரணம். இதற்கு நேர் எதிராக, கொப்புளங்கள் தோன்றும் அரிய வகைச் சொரியாசிஸில், ஏபி1எஸ்3 மரபணு பழுதாகி ஆட்டோஃபேஜி கெடுவதால் ஐஎல்-36 என்ற அழற்சிச் சமிக்ஞை கூடி நோய் மூள்கிறது என்று 2016-இல் காட்டினார்கள். படை அடங்கிய பிறகும் அதே இடத்தில் மறுபடி வருவதைக் கவனித்திருப்பீர்கள். அங்கேயே குடியிருக்கும் நினைவு டி செல்கள், அதாவது பழைய அழற்சியை நினைவில் வைத்திருக்கும் வெள்ளணுக்கள்தான் அதற்குக் காரணம். அந்த வகைச் செல்கள் உயிரோடிருக்கவும் ஆட்டோஃபேஜி வேண்டும். உடல் முழுக்க அதைக் கூட்டினால் லாபம் உங்களுக்கா, அவற்றுக்கா என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஆய்வு முடிவுகள் இப்படி முரண்படுவதில் அளக்கும் முறைக்கும் பங்கு உண்டு. எல்சி3 கூடியிருந்தால் ஆட்டோஃபேஜி கூடிவிட்டது என்று சிலர் எழுதிவிடுவார்கள். பைகள் அதிகம் உருவானாலும் எல்சி3 கூடும், உருவான பைகள் செரிக்கப்படாமல் தேங்கினாலும் கூடும். பி62-ஐயும் சேர்த்துப் பார்க்காத ஆய்வை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

நீங்கள் நிறுத்த நினைக்கும் கால்சிபோட்ரியால் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வைட்டமின் டி வகையைச் சேர்ந்த இந்த மருந்து, சோதனைக்கூடத்தில் தோல் செல்களில் ஆட்டோஃபேஜியைத் தூண்டுகிறது என்று 2011-இலேயே வெளியாகியிருக்கிறது. அதன் முதன்மையான வேலை செல் பெருக்கத்தைத் தணித்து முறையாக முதிரவைப்பதுதான், ஆட்டோஃபேஜி அதில் ஒரு பங்கு. ஆட்டோஃபேஜிக்காகப் பட்டினி கிடக்கப் போகிறவர், அதைப் படையிலேயே நேரடியாகத் தூண்டும் களிம்பைத் தூக்கிப் போடுவது வேடிக்கைதான். எம்டாரை நேரடியாக அடக்கும் சிரோலிமஸ் மருந்தைப் படைமீது தடவியும் பார்த்தார்கள். 2005-இல் வந்த ஒரு சிறு ஆய்வில் படையின் தீவிரத்தை அளக்கும் மதிப்பெண் ஓரளவு குறைந்தது, படையின் தடிப்பு பெரிதாகக் குறையவில்லை. சொரியாசிஸுக்கான வழக்கமான சிகிச்சையில் அது இடம்பிடிக்கவில்லை.

உங்கள் களிம்பு பலன் தரவில்லை என்றால், பெரும்பாலும் தடவும் அளவுதான் போதவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் உள்ளங்கை, விரல்கள் சேர்த்து, உடல் பரப்பில் சுமார் 1 சதவீதம். இரண்டு முழங்கை, இரண்டு முழங்கால், இடுப்பில் இரண்டு கை அளவு என்றால் மொத்தம் 6 சதவீதம். ட்யூபை அழுத்தி, ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் கோடுவரை நீளமாக இடும் களிம்பு அரை கிராம். அது இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குச் சரியாக வரும். உங்களுக்கு ஒருவேளைக்கு மூன்று விரல்நுனி அளவு, அதாவது ஒன்றரை கிராம் வேண்டும். ஒருவேளை தடவினால் 30 கிராம் ட்யூப் 20 நாளில் தீர வேண்டும், இருவேளை என்றால் 10 நாளில். ஒரே ட்யூப் மூன்று மாதம் வருகிறது என்றால் நீங்கள் தடவுவது மருந்தின் வாசனையைத்தான். அதற்காக வாரம் 100 கிராமைத் தாண்டவும் கூடாது, ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும். முகத்தில் படாமல் பார்த்துக்கொண்டு, தடவியதும் கையைக் கழுவுங்கள். பலன் தெரிய இரண்டு வாரம், முழுப் பலனுக்கு ஆறு முதல் எட்டு வாரம்.

தடித்த செதிலுக்குக் கீழே எந்தக் களிம்பும் இறங்காது. இரவில் வாசலின் அல்லது தேங்காய் எண்ணெய் தாராளமாகப் பூசி ஊறவைத்து, காலையில் வெதுவெதுப்பான நீரில் நனைத்து மெதுவாகத் துடைத்த பிறகு மருந்து தடவுங்கள். நகத்தால் பெயர்க்கக் கூடாது. கீறல் பட்ட நல்ல தோலில் ஒன்றிரண்டு வாரத்தில் புதுப் படை கிளம்பும் சுபாவம் இந்த நோய்க்கு உண்டு. செதிலைக் கரைக்கச் சாலிசிலிக் அமிலக் களிம்பு தந்திருந்தால் அதையும் கால்சிபோட்ரியாலையும் ஒருசேரத் தடவாதீர்கள். அந்த அமிலம் கால்சிபோட்ரியாலைச் செயலிழக்கச் செய்துவிடும். மெடிக்கலில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுவதும், வீட்டில் ஒன்றன்மேல் ஒன்று பூசுவதும் அடிக்கடி நடக்கிறது. பல மாதம் மருந்து வீணாகிவிட்டு, ‘எனக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை’ என்பார்கள். வெட்பாலைத் தைலம் பூசும் வழக்கம் இருந்தால் எண்ணெய்ப் பசைக்காக அது இருக்கட்டும், மருந்துக்குப் பதிலாக வேண்டாம்.

மெத்தோட்ரெக்சேட் 10 மி.கி. தொடக்க அளவுதான். பலருக்கு வாரம் 15 முதல் 20 மி.கி. வரை தேவைப்படும், பலனைக் கணிக்கப் பன்னிரண்டு வாரமாவது வேண்டும். அடங்கவில்லை என்றால் ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பரிசோதனைகளைப் பார்த்து அளவைக் கூட்டலாமா என்று உங்கள் தோல் மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாகக் கூட்டக் கூடாது. வாரத்துக்கு ஒருநாள் என்பதை மறந்து தினமும் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. மாத்திரை அட்டையில் ‘ஞாயிறு மட்டும்’ என்று பேனாவால் எழுதி வையுங்கள். மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்த்து எழுதித் தரும் ஃபோலிக் அமில மாத்திரையை ஞாயிறு தவிர்த்து மற்ற நாளில் எடுங்கள்.

இனி ஹைட்ராக்சிகுளோரோகுயின். உங்கள் சந்தேகம் நியாயமானது. மலேரியாவுக்காக வந்த இந்த மருந்துக் குடும்பம் சிலருக்குச் சொரியாசிஸைக் கிளப்பும் என்பது பழைய செய்தி. இது லைசோசோமுக்குள் புகுந்து அங்கே உள்ள அமிலத்தன்மையைக் குறைக்கிறது. அமிலம் குறைந்தால் நொதிகள் வேலை செய்யாது, ஆட்டோஃபேஜி கடைசிக் கட்டத்தில் நின்றுபோகும். ஏற்கெனவே திறக்காத கதவுக்கு இன்னொரு பூட்டு. இதுதான் முழுக் காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டேன், ஏனென்றால் லித்தியம் என்ற மனநல மருந்து ஆட்டோஃபேஜியைக் கூட்டக்கூடியது, அதுவும் சொரியாசிஸை மோசமாக்கும். ஆனால் மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் படை கூடியிருந்தால் எழுதித் தந்த மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். நிறுத்தச் சொன்னாலும் மறுவாரமே மாற்றம் வராது. இந்த மருந்து உடலில் பாதியாகக் குறையவே சுமார் 40 நாள் ஆகும்.

அதைவிட முக்கியமான கேள்வி, அந்த மூட்டு வலி எதனால் வந்தது என்பது. சொரியாசிஸ் உள்ளவருக்கு விரல் மூட்டு வலித்தால் சொரியாசிஸ் மூட்டுவாதமா என்று முதலில் பார்க்க வேண்டும். நகத்தில் ஊசியால் குத்தினாற்போல் சிறு குழிகள் இருக்கின்றனவா? நகத்தை ஒட்டிய கடைசி மூட்டு வலிக்கிறதா? ஏதாவது ஒரு விரல் முழுதுமே வீங்கியதா? காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இருக்கிறதா? குதிகால் வலி உண்டா? இதில் இரண்டு மூன்று இருந்தாலே மூட்டுவாத நிபுணரைப் பாருங்கள். முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்ஏ ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்று விட்டுவிடாதீர்கள், இந்த நோயில் அது பெரும்பாலும் நெகட்டிவாகத்தான் வரும். இதற்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் உதவாது. காலதாமதமானால் மூட்டு அரித்துப்போகும், அதை மீட்க முடியாது.

பட்டினி வேண்டாம் என்றேன், எடையைக் குறைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கான பிஎம்ஐ உங்களுக்கு 30-க்கு மேல். வயிற்றுக் கொழுப்பு வெறும் சேமிப்பு அல்ல, டிஎன்எஃப், ஐஎல்-6, லெப்டின் என்று அழற்சியைத் தூண்டும் பொருட்களை ரத்தத்தில் விடுகிறது. கூடவே ஏறும் இன்சுலினும் எம்டாரை முடுக்குகிறது. டென்மார்க்கில் 60 பேரிடம் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வாரம் தினம் 800 முதல் 1000 கலோரி, அடுத்த எட்டு வாரம் 1200 வரை என்று கொடுத்தார்கள். ஒப்பீட்டுக் குழுவைவிட 15 கிலோ கூடுதலாக எடை குறைந்தது. படையின் தீவிர மதிப்பெண் 2 புள்ளி கூடுதலாக இறங்கியது. அந்தப் புள்ளி வித்தியாசம் தற்செயலாகவும் இருந்திருக்கலாம் என்ற எல்லையில்தான் நின்றது, அன்றாட வாழ்க்கைத் தரம் மட்டும் தெளிவாக மேம்பட்டது. ரமலான் நோன்பிருந்த 108 சொரியாசிஸ் நோயாளிகளை நோன்புக்கு முன்னும் பின்னும் பார்த்து 2019-இல் வந்த ஆய்வில், 72 வரை போகும் அதே மதிப்பெண் சராசரியாக 0.89 குறைந்தது. நல்லதுதான், ஆனால் படை உதிர்ந்துவிடும் என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

ஆகவே ஆறு மாதத்தில் 5 முதல் 8 கிலோ குறைப்பதை இலக்காக வையுங்கள். இரவு ஏழரைக்குள் சாப்பிட்டு, காலை எட்டு மணிக்கு அடுத்த உணவு என்றால் பன்னிரண்டரை மணி நேர இடைவெளி தானாக வந்துவிடும். அதற்கு மேல் இழுக்க வேண்டாம். சாதத்தைப் பாதியாக்கி அந்த இடத்தில் பருப்பு, சுண்டல், காய், முட்டை என்று வையுங்கள். மது பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்ந்து கல்லீரலைக் கெடுக்கும், படையையும் கூட்டும்.

ஏகாதசியைத் தொடரலாம், சில மாற்றங்களோடு. நிர்ஜலமாக இருக்காதீர்கள். தண்ணீர், மோர், பால், பழம் எடுத்துக்கொண்டு இருங்கள், மறுநாள் துவாதசியில் வழக்கம்போலச் சாப்பிடுங்கள். ஏகாதசி ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் மெத்தோட்ரெக்சேட்டை அன்று விட்டுவிட்டுத் திங்கள் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கலாம். ஆனால் அந்த வாரத்துக்கு அந்த ஒரு வேளைதான், அடுத்தது வழக்கம்போல ஞாயிறன்று. மாத்திரை சாப்பிட்ட மறுநாள் ஏகாதசியாக வந்தால் அன்று ஒருவேளையாவது சாப்பிடுங்கள், இரண்டரை லிட்டர் தண்ணீராவது குடியுங்கள். வாய்ப்புண், காய்ச்சல், மூச்சுத்திணறல், விடாத வாந்தி அல்லது பேதி இருந்தால் அந்த வார மாத்திரையை நிறுத்திவைத்து அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய், மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறேன் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.